அடிக்கு எடை சொன்னவர்

"உன்ன யார்னா நல்லா குத்திகீறாங்களா, கிளார்க்கு?"

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். புதிதாக ஊருக்கு வந்தவனிடம் பெயர் கேட்கலாம், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்கலாம். இப்படியா கேட்பார்கள்? சுதந்திரம் வந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் சரக்குக் கிட்டங்கியில் எடை குமாஸ்தாவாக நான் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூட்டை நிறுக்கும் தராசு மேடையில் தானே ஏறி நின்றுகொண்டு, தண்டு நிதானத்துக்கு வருவதற்குள் இந்தக் கேள்வியைக் கேட்டார். எங்கள் அப்பா புளியங்கம்பால் விளாசியிருக்கிறார் என்றேன்.

"அது அடியே இல்ல. கம்பு அடிச்சிகீது. கை அடிக்கணும்" என்று சொல்லி, என்னைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். இதென்னடா கிறுக்கு வந்து வாய்த்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பேரன் பேத்திகள் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். தாத்தாவைக் கிண்டல் செய்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்தால் எனக்கு உடம்பு தாங்காது. ஆறடிக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. இடது காது மட்டும் அமுங்கி, பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கும். எல்லோரும் 'மேஸ்திரி' என்றார்கள். எந்த வேலைக்கும் அவர் மேஸ்திரி கிடையாது. நான் எங்கள் ஊர் வழக்கப்படி 'அண்ணாச்சி' என்பேன். "அண்ணாச்சியா? மளிக கட வெச்சிகீற மாரி கீதுபா" என்று சிரிப்பார். ஆனால் மாற்றிக் கூப்பிடச் சொன்னதில்லை.

அந்த நாளில் ராயபுரம், காசிமேடு பக்கம் குத்துச்சண்டை என்றால் ஜனங்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம். சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒல்லி ஆட்கள். ஹெவி வெயிட் என்று சொல்ல நாலைந்து பேர் தேறினால் அதிகம். அவர்களை நிறுக்க வைத்தியசாலைத் தராசு போதாது. அதனால் சனிக்கிழமை மத்தியானம் மண்டி வேலை முடிந்ததும் எங்கள் கிட்டங்கிக்கு வந்து, மிளகாய் மூட்டை இறங்கின மேடையிலேயே கோவணத்தோடு ஏறி நிற்பார்கள். தும்மிக்கொண்டே நிற்கிறவனை நிறுப்பது எவ்வளவு பேஜார் என்று எனக்குத்தான் தெரியும்.

அவரும் அந்த நாலைந்து பேரில் ஒருவர். ஜெயித்த சண்டை குறைவு. ஆனால் ரிங்கில் ஒரு தடவைகூடத் தரையில் விழுந்தவர் இல்லை. தோற்றதற்குக் காரணம் ஆட்டம் தெரியாமை அல்ல. முதல் ரவுண்டு பிரமாதமாக ஆடுவார். இரண்டாவது ரவுண்டில் எதிராளியின் வலது கை எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கும் ஆசை வந்துவிடும். முகத்துக்கு முன்னால் இருக்கிற கையைக் கொஞ்சம் இறக்கிக் கொடுப்பார். வேண்டுமென்றேதான்! பெஞ்சில் இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "யோவ் மேஸ்திரி, கைய தூக்குயா! துட்டு குட்த்து வந்துகீறோம்யா!" என்று கத்துவார்கள். அவர் காதில் எங்கே விழும்? அடி விழுந்ததும் முகத்தில் ஒரு திருப்தி வரும். கல்யாண வீட்டில் முதல் கவளம் சாம்பார் சாதம் வாயில் போட்டவர் மாதிரி இருப்பார்.

திங்கட்கிழமை மூட்டையோடு வரும்போது எனக்கு விவரம் சொல்லுவார். அவர் மூட்டைக்காரர், அதனால் எல்லா அடியும் மூட்டைக் கணக்குதான். "அவன்து பஞ்சு மூட்ட, கிளார்க்கு. பாத்தா பெர்சு, உள்ள ஒண்ணும் இல்ல." இன்னொருவனுடையது உப்பு மூட்டை, பட்ட இடம் எரியும். சிலபேருடையது புளி மூட்டை. படும்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி சோறு மெல்லும்போதுதான் தெரியும். புளி மூட்டைக்காரர்கள் மேல் அவருக்குத் தனி மரியாதை இருந்தது.

இது பரவி, அக்கம்பக்கத்துப் பயில்வான்கள் எல்லாம் அவரிடம் தரம் பார்த்துக்கொள்ள வர ஆரம்பித்தார்கள். இவர் பனியனை மார்பு வரைக்கும் சுருட்டிவிட்டு, இடது காலை முன்னால் வைத்து நிற்பார். வந்தவன் வயிற்றில் குத்துவான். இவர் கண்ணை மூடி, வாயை இறுக்கி, உள்ளே எதையோ கேட்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருப்பார். அப்புறம் வாயைத் திறந்து தீர்ப்பு சொல்லுவார். அவ்வளவுதான், மறுபேச்சு கிடையாது. எருமை மாதிரி ஒருவன் வந்து குத்திவிட்டு, "பஞ்சு" என்று வாங்கிக்கொண்டு கண் கலங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நோஞ்சான் தையற்காரன் ஒருவன் விளையாட்டுக்குக் குத்தினான். "அரிசி, முழு மூட்ட" என்றார். அவன் ஒரு மாதம் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

எனக்குக் கூசும். "வலிக்காதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வலிக்காம? வலியா முக்கியம்? ஒரே கறி, ஒரே முட்ட துன்றானுங்க. ஒர்த்தன் கைல மட்டும் இடி கீது, இன்னொர்த்தன் கைல இல்ல. அது எங்கேர்ந்து வருது? அத்த சொல்லு பாப்போம்."

எனக்கென்ன தெரியும்? அவருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்கிற அரிப்பில்தான் அந்த மனிதர் வாழ்ந்தார். பயில்வான்கள் வாசலில் விட்ட செருப்புகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வலது செருப்பின் முன்பக்கம் தேய்ந்திருந்தால், "இவன் கால்ல கீது சரக்கு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இன்னொரு நாள் துறைமுகத்தில் கிரேனில் தொங்கிய சணல் கட்டு ஒன்று மெதுவாக ஆடிவந்து லாரிக் கதவை உரசியது. கதவு அப்படியே உள்ளே போய்விட்டது. லாரிக்காரன் கூச்சல் போட, இவர் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவசரமே படல பாத்தியா? சும்மா வந்துச்சு. ஹெவி வெயிட்காரன் அடி அப்டிதான் இருக்கணும்" என்று என்னிடம் இரண்டு நாள் அதையே பேசினார்.

ஆனால் ஒரு நியாயம் வைத்திருந்தார். தான் வாங்காத அடியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "அவன் குத்தி மூணு பேர் வுழுந்தானாமே?" என்று யாராவது கேட்டால், "நான் வாங்கலியேபா" என்று முடித்துவிடுவார்.

இனி நான் செய்த தப்பைச் சொல்லவேண்டும்.

துறைமுகத்துக்கு ஒரு கப்பல் பழுது பார்க்க வந்து நின்றது. அதில் கரி தள்ளுகிற ஆள் ஒருவன் ஹெவி வெயிட் சண்டைக்காரன் என்றும், போன துறைமுகங்களில் எல்லாம் ஆட்களைப் படுக்கப்போட்டவன் என்றும் பேச்சு. சண்டை நடத்துகிற காண்ட்ராக்டர் விடுவாரா? அவனுக்கு எதிராக நம் பக்கத்து ஆள் ஒருவனை நிறுத்தவேண்டும் என்று கிளம்பினார். யார் குத்து பலம் என்று சண்டை வந்தது. கொழுப்பெடுத்துப் போய் நான்தான், "எதுக்குச் சண்டை? என் தராசு இருக்கே" என்றேன்.

தராசுத் தண்டில் குண்டை ஒரு மணங்கு எடைக்குத் தள்ளி வைப்பேன். மேடையில் மடித்த சாக்கின் மேல் ஆள் குத்துவான். தண்டு துள்ளி எழுந்தால் தேறினான், அடுத்த அளவுக்குக் குண்டைத் தள்ளுவேன். ஒவ்வொருவனாகக் கழன்றுகொண்டே வந்து, கடைசியில் நின்றவன் சூசை. அவன் வேறு யாருமில்லை, அண்ணாச்சியின் மனைவி ரோசாலி அக்காவின் தம்பி. திருவொற்றியூரில் ஒரு இரும்புப் பட்டறையில் சம்மட்டி அடிப்பவன். இருபத்திரண்டு வயது. அவன் குத்தியபோது தண்டு துள்ளிப் போய் மேலே இடித்தது. காண்ட்ராக்டர் விசில் அடித்தார். என் தராசின் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணாச்சி சாயங்காலம் வந்து கேள்விப்பட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் கிளார்க்கு, அந்தக் கப்பல்காரன் இன்னா தரைலயா பட்த்துகினு இருக்கப்போறான்? நீ மேலேர்ந்து கீழ குத்த வெச்சிகீற. சூசை தெனம் சம்மட்டி போடுறவன். தூக்காம இன்னா பண்ணும் உன் தராசு?"

அப்படியே என் வயிற்றில் குத்தினது போல இருந்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? அவர் அங்கேயே சூசையைக் கூப்பிட்டு, பனியனைச் சுருட்டி நின்றார். சூசை குத்தினான். கண்ணை மூடித் திறந்தார். "தவுடு" என்றார்.

தவிட்டு மூட்டை! பத்துப் பேர் எதிரில்! சூசையின் முகம் கறுத்துவிட்டது. "நீ பொறாமைல சொல்ற மாமா. உன் வயசு போச்சுன்னு சொல்ற. நான் போட்டே தீருவேன்" என்று போய்விட்டான். அதற்கப்புறம் அவனைத் தடுக்க யாராலும் முடியவில்லை.

ரோசாலி அக்காவுக்கு அந்த ஒரு தம்பிதான். தாய் தகப்பன் போனபின் அவனைத் தூக்கி வளர்த்தவள். கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள், அவன் சட்டையைப் பிடித்து அழுதாள், ஒன்றும் நடக்கவில்லை. அவனோ, அக்கா ஆசீர்வாதம் பண்ணி அனுப்பாமல் போவதாகவும் இல்லை. சண்டைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் புருஷனிடம் வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"ஊரெல்லாம் குத்து வாங்கினு வந்து கத சொல்றியே, எனக்கு ஒண்ணு சொல்லு. அந்தக் கப்பல்காரன் கை எப்டி? என் தம்பி தாங்குவானா? நீ தாங்கும்னு சொன்னா நெத்தில சிலுவ போட்டு அனுப்புறேன். இல்லன்னா அவன் கால ஒட்ச்சி வூட்ல போடுறேன்."

"நான் இன்னும் வாங்கலியேமே."

"அப்ப போய் வாங்கினு வா!"

சொன்ன பிறகு அவளுக்கே பக்கென்றது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பண்டிகைக்குப் புதுத் துணி எடுத்துக் கொடுத்தது போல இருந்தது. மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

திருவொற்றியூரில் ஒரு எண்ணெய்ச் செக்குக் கொட்டகையின் பின்பக்கம் கப்பல்காரன் பழகிக்கொண்டிருந்தான். நான் ராட்சசனை எதிர்பார்த்துப் போனேன். முன்மண்டை வழுக்கை, கூச்ச சுபாவம், கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டிச் சிரித்தான். இவர் அவனைப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த அவன் பூட்ஸைப் பார்த்தார். எடுத்துத் திருப்பினார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

காண்ட்ராக்டர் கையைக் காலை ஆட்டி அவனுக்கு விஷயத்தை விளக்கினார். இவரை ஒரு தடவை முழு பலத்தோடு குத்தவேண்டும், அவ்வளவுதான். அவன் முடியவே முடியாது என்று தலையாட்டினான். அப்புறம் சமாதானத்துக்காக வயிற்றில் லேசாக ஒன்று போட்டான்.

"பூ போடுறான்பா" என்று இவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். "இங்க. வவுத்துல வாங்கி சூசைக்கு இன்னா பிரயோஜனம்? இங்கதான அவனுக்கு வுழும்."

"வேண்டாம் அண்ணாச்சி, வாங்க போயிரலாம்" என்றேன். கேட்டால்தானே!

கப்பல்காரன் பெருமூச்சு விட்டான். அவன் கை நகர்ந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. குதிகால் திரும்பியது தெரிந்தது. கதவைச் சாத்துகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அண்ணாச்சி விழவில்லை. நின்றார். கண்ணை மூடித் திறந்து, எப்போதும் போலத் தீர்ப்பு சொல்ல வாயைத் திறந்தார். நான் காதைக் கொண்டுபோனேன். அப்போதுதான் முழங்கால் மடிந்தது. அந்த உடம்பு அப்படியே புண்ணாக்குத் தூளில் போய் விழுந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கப்பல்காரன் அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, துண்டால் விசிறிக்கொண்டே இருந்தான். அவன் கண்ணில் தண்ணீர். ரோசாலி அக்காவுக்கு என்ன சொல்வேன் என்பதே என் மனசில் ஓடியது.

ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இன்னா, ஆரம்பிக்கலாமா?" என்றார்.

அடி வாங்கியதே அவருக்குத் தெரியவில்லை. வண்டியில் வரும் வழியெல்லாம் நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. தாடை வீங்கியிருப்பதைத் தடவிப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார். வாயைத் திறந்ததை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லத் துணிவு வரவில்லை. தொண்டை வரைக்கும் வந்த வார்த்தை என்று தெரிந்தால் இந்த ஆள் சும்மா இருப்பாரா?

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றாள். சூசையும் விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்தான்.

"சொல்லு. அனுப்பவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியலமே."

"தெரியலன்னா? மூஞ்சி வீங்கிகீது!"

"வாங்குனேன்னு இவங்க சொல்றாங்க. எனக்கு வாங்குன மாரியே இல்ல. இவங்க சொல்றத்த கேட்டு நான் எப்டி சொல்றது? நாளைக்கு இன்னொரு தபா போய் வாங்கினு வந்து கரெக்ட்டா சொல்றேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியே விட்டார். அக்கா காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், இவர் செருப்பைத் தேடுகிறார். நான் குறுக்கே நின்று கத்திக்கொண்டிருந்தபோது சூசை தெருமுனையிலிருந்து வந்தான்.

"எங்கியும் போக வேணாம் மாமா. காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். நான் போடல."

அக்கா அவனைக் கட்டிக்கொண்டாள். தராசைத் துள்ள வைத்தவன், மாமன் விழுந்ததும் ஓடிவிட்டான் என்று ஊர் சிரித்தது. தொட்டால் ஒடிகிறவனாம், பட்டறையில் அவனைச் 'சிலேட்டுக்குச்சி' என்று கூப்பிட்டார்கள். அவன் பாட்டுக்குச் சம்மட்டியைப் போட்டுக்கொண்டிருந்தான். சண்டைக்கு வேறு ஊரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். முதல் ரவுண்டிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் பேச்சு பழையபடி வரவில்லை என்று கேள்வி. என் தராசுதானே சூசையை அங்கே அனுப்பப் பார்த்தது!

கப்பல் போய்விட்டது. அண்ணாச்சியை அதற்கப்புறம் அக்கா ரிங் பக்கம் விடவில்லை. அவருடைய அரிப்பு மட்டும் போகவில்லை. ஏழு கடலில் எங்கேயோ போய்விட்ட அந்த ஒரு கை மட்டும் கணக்கில் சேராமல் நின்றுவிட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பக்கத்துல நின்ன இல்ல, சொல்லு கிளார்க்கு, எப்டி கீது?" என்பார். நான் சொல்லுவேன். சொன்னதையே மறுபடி கேட்பார். சில நாள் ஒரே டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை கேட்பார், முதல் தடவை கேட்டது நினைவில்லாமல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாலைந்து வருடம் போயிற்று. சூசைக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தேன். விருந்து முடிந்து எல்லோரும் போனபின் அண்ணாச்சி வழக்கம்போலக் கேட்டார். இனிமேல் இவர் எங்கே போய் யாரிடம் குத்து வாங்கப்போகிறார் என்று தோன்றியது. இனியும் மறைத்து வைக்க எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு சொல்லாம வச்சிருந்தேன் அண்ணாச்சி. அடி பட்டதும் நீங்க விழல. நின்னிய. எப்பமும் போல சொல்றதுக்கு வாயத் தொறந்திய. அப்புறந்தான் விழுந்திய."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொறந்தனா?"

"தொறந்திய."

"அப்ப எனக்கு தெரிஞ்சிகீதுபா!" கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கிறார். "ரோசாலி! இங்க வா! எனக்கு தெரிஞ்சிதாம்மே! சொல்ல வந்தேனாம்!"

அக்கா தம்பியின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் சொன்னதை முழுதும் கேட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தாள்.

"சரி, தெரிஞ்சிது. வுழாம இருந்திருந்தா எங்கிட்ட வந்து இன்னா சொல்லிருப்ப?"

அவர் சிரிப்பு நின்றது. தாடையைத் தடவிக்கொண்டார். குழந்தை அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நின்னுட்டேன் இல்ல? நான் நின்னா அவனும் நிப்பான்னுதான் நெனச்சிருப்பேன்" என்றார். "அனுப்புன்னு சொல்லிருப்பேன்மே."